சித்தப்பா சீஃப் ஆன சனிக்கிழமை

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று சின்ன வயதிலிருந்தே சொல்வார்கள். சொல்லட்டும். கோபப்பட வேண்டிய இடத்தில் பல்லை இளித்துக்கொண்டு நின்றவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தக் கூட்டத்தில் முதல் ஆள் என் அப்பா. சித்தப்பா கப்பற்படையில் சீஃப் ஆன சனிக்கிழமையும் அவர் அப்படித்தான் நின்றார். அவருக்கும் சேர்த்து நான் கோபப்பட்டேன். அப்போது எனக்குப் பதினோரு வயது.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. நாங்கள் சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருந்தோம். பாதித் தோட்டத்தில் ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டிருந்தார்கள்; மீதிப் பாதியில் அப்பா பால் வெட்டிக்கொண்டிருந்தார். சித்தப்பா அவருக்கு ஒரே தம்பி. அவர்களைப் பெற்றவர்கள் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது அப்பாவுக்குப் பதினான்கு வயது, சித்தப்பாவுக்கு ஐந்து. அன்றோடு படிப்பை மூட்டை கட்டிவிட்டுப் பால் வெட்டும் கத்தியைக் கையில் எடுத்தவர் அப்பா. தம்பியை ஐந்தாம் படிவம் வரைக்கும் படிக்கவைத்தார். கப்பற்படையில் சேரும் பாரத்தில் பெற்றோர் கையெழுத்துப் போடும் இடத்தில் தன் கையெழுத்தைப் போட்டு அனுப்பிவைத்தார். இதையெல்லாம் அப்பா சொல்லி நான் கேட்டதே இல்லை. அம்மாதான் சொல்வார், சித்தப்பா மேல் எரிச்சல் வரும்போதெல்லாம்.

பதினேழு வருடம் கப்பலில் உழைத்த பிறகு சித்தப்பாவுக்குச் சீஃப் பதவி வந்தது. சீஃப் என்றால் ஆபீசர் இல்லை. ஆனால் மாலுமிகளுக்கெல்லாம் தலைவர், அவர் பேச்சை ஆபீசர்களே கேட்பார்கள். மலாயில் அதற்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாருக்கும் அது வாயில் நுழையவில்லை. தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோரை வைத்துக் கணக்குப் போட்டு, "கப்பலுக்குப் பெரிய மண்டோர்" என்று முடிவுகட்டிவிட்டார்கள்.

பதவியேற்பு விழாவுக்கு ஒரு மாதம் முன்பு சித்தப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். லூமூட்டில் இருந்த அவர்களுடைய கப்பற்படைத் தளத்தில் சீஃப் ஆவது லேசுப்பட்ட காரியமில்லையாம். சீஃப்களுக்கென்று தனியாக ஓர் அறை உண்டு. பதவி வரும்வரைக்கும் அந்த வாசலில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்று கதவைத் தட்ட வேண்டும். உள்ளே காலை வைக்கக் கூடாது. பதவி கிடைத்த அன்று உள்ளே இருப்பவர்களே கதவைத் திறந்து, கப்பல் மணியை அடித்து, கையைப் பிடித்து அழைத்துப் போவார்கள். அதற்கு முன்னால், பதவியைக் காட்டும் தோள்பட்டையைச் சட்டையில் மாட்டும் சடங்கு.

"ரெண்டு தோள்லயும் புதுப் பட்டை மாட்டுவாங்கண்ணே. ஒரு பக்கம் எங்க பெரிய ஆபீசர். இன்னொரு பக்கம் நம்ம வீட்டுல யாரு பெரியவங்களோ அவங்க. நீங்கதான் வாரீங்க."

அப்பா பதறிப்போனார். "ஐயோ, எனக்கு அதெல்லாம் எங்கப்பா தெரியும்?"

"தெரியலன்னா பழகிக்கங்க லா!" என்று சிரித்த சித்தப்பா, தன்னுடைய பழைய தோள்பட்டை ஒன்றைப் பையிலிருந்து எடுத்து அப்பாவின் கையில் வைத்தார். இதைக் கவனிக்க வேண்டும். அப்பா கேட்கவில்லை. அவராகத்தான் சொன்னார், அவராகத்தான் கொடுத்தார்.

அந்தத் தோள்பட்டை உள்ளங்கை நீளத்தில் விறைப்பாக இருக்கும். அடியில் ஒரு பித்தளைப் பொத்தான். அதைச் சட்டையின் துளையில் நுழைத்துத் திருக வேண்டும். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்பாவின் விரல்கள் ஒவ்வொன்றும் மரத்துப்போய்த் தடித்திருக்கும். வலது ஆள்காட்டி விரல் பழைய வெட்டு ஒன்றால் மடங்கவே மடங்காது. பொத்தான் கைக்கு அகப்படாமல் நழுவி நழுவி விழும். அம்மா பழைய சட்டை ஒன்றின் தோளில் துளை போட்டுத் தைத்துக் கொடுத்தார். அதை என் மேல் மாட்டி, தினமும் சாயங்காலம் என்னைச் சித்தப்பாவாக நிறுத்திவைத்து அப்பா பழகினார்.

"ஆடாம நில்லு லா. கப்பல்காரன் இப்படியா ஆடுவான்?"

"கப்பலே ஆடும்பா," என்பேன்.

அம்மா அடுப்படியிலிருந்து, "கல்யாணத்துக்குத் தாலி கட்டுனப்பகூட இந்த மனுசன் இவ்வளவு பயப்படல," என்பார். அப்பா காதில் எதுவும் விழாது. நாக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். மூன்றாவது வாரம் கண்ணை மூடிக்கொண்டே ஒரே முயற்சியில் மாட்டிவிட்டார். அன்று அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! சீஃப் ஆனது தம்பியா அண்ணனா என்று சந்தேகம் வந்துவிடும்.

அந்தச் சனிக்கிழமை விடிவதற்கு முன்பே கிளம்பி, ஈப்போவில் பஸ் மாறி லூமூட்டுக்குப் போனோம். அப்பா மண்டோரிடம் காலணி இரவல் வாங்கிப் போட்டிருந்தார். அது ஓர் அளவு சின்னது. வழியெல்லாம் கால் வலித்தும் கழற்றவில்லை. கழற்றினால் மறுபடி நுழையாது என்று பயம். பஸ்ஸில் ஏதோ யோசனையில் என் தோளில் விரலை வைத்துத் திருகிக்கொண்டே வந்தார்.

மண்டபத்தில் வரிசை வரிசையாக நாற்காலிகள். முன்வரிசையில் சித்தி உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் அவருடைய அப்பா. ஈப்போ டவுன்காரர், அரசாங்க ஆபீசில் கணக்கு எழுதும் பெரிய கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த வெயிலிலும் கோட்டுப் போட்டிருந்தார். எங்களுக்கு நான்காவது வரிசை. வெள்ளைச் சீருடையில் தூரத்தில் நின்ற சித்தப்பா எங்களைப் பார்த்தார். உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். கப்பல்காரர்கள் விறைப்பாகத்தான் இருப்பார்கள் போலிருக்கிறது என்று நான் நினைத்தேன்.

ஒலிபெருக்கியில் சித்தப்பாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். அப்பா எழுந்துவிட்டார். கால்சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு ஓர் அடியும் எடுத்து வைத்துவிட்டார். அதற்கப்புறம்தான் இன்னொரு பெயரைக் கூப்பிட்டார்கள். அது அப்பாவின் பெயர் இல்லை. முன்வரிசையில் கோட்டுப் போட்டவர் எழுந்து, சாவகாசமாகப் படியேறினார்.

அப்பா நின்றுகொண்டிருந்தார். மண்டபத்தில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கு நடுவில் அவர் மட்டும். பின்னாலிருந்து யாரோ மலாயில் உட்காரச் சொன்னார்கள். அப்பா இடுப்பு வாரை இழுத்துவிட்டுக்கொள்வதற்காக எழுந்தவர் மாதிரி அதை இரண்டு தடவை இழுத்துவிட்டு உட்கார்ந்தார்.

"சித்தப்பா பொய் சொல்லிட்டாரு!" என்று நான் கத்தினேன். அம்மா என் தொடையில் கிள்ளினார். கிள்ளிய அம்மாவின் கண்ணும் சிவந்துதான் இருந்தது. மேடையில் கிராணித் தாத்தா பொத்தானைத் திருகினார். இரண்டு நொடி. அவ்வளவுதான், வேலை முடிந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். அப்பா கழுத்தை எக்கிப் பார்த்துவிட்டு என் பக்கம் குனிந்து, "நேராத்தான் மாட்டியிருக்காரு," என்றார். அந்த நிமிடம் சித்தப்பாவைவிட அப்பா மேல்தான் எனக்கு ஆத்திரமாக வந்தது.

விழா முடிந்ததும் எல்லாரையும் அந்தச் சீஃப்களின் அறைக்கு முன்னால் கூட்டிப் போனார்கள். உள்ளே சாப்பாடு தயாராக இருந்தது, வாசலில் பித்தளை மணி தொங்கியது. கதவு திறப்பதற்குள் சித்தப்பா எங்களிடம் வந்தார்.

"மாமாவே வந்து கேட்டாருண்ணே. பாரத்துல அவரு பேரையே போடச் சொன்னாரு. இல்லேன்னு சொல்ல முடியல."

"அதனால என்னா? அவரு படிச்ச பெரிய மனுசன். நல்லாத்தானே மாட்டுனாரு," என்றார் அப்பா. சிரிப்பு வேறு!

"ஒரு வார்த்த முன்னாடியே சொல்லியிருக்கலாமில்ல? ஒரு மாசமா இந்த மனுசன் பழகிட்டு இருந்தாரு," என்றார் அம்மா.

எங்கள் வீட்டில் நல்ல காரியம் எது நடந்தாலும் பெரியவர் காலில் விழுந்து எழுவதுதான் வழக்கம். சித்தப்பா வேலையில் சேரப் போன அன்று விழுந்தார், கல்யாணத்தன்று விழுந்தார். இன்றும் விழத்தான் வேண்டும். அதையாவது செய்யட்டும் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். அவர் விழுகிற மாதிரித் தெரியவில்லை.

"அப்பா கால்ல விழுங்க சித்தப்பா," என்றேன், எல்லாருக்கும் கேட்கும்படி.

சித்தப்பா சுற்றும்முற்றும் பார்த்தார். கிராணித் தாத்தா, சித்தி, தொப்பி போட்ட மற்ற சீஃப்கள், எல்லாரும் நின்றிருந்தார்கள். அவர் புதுத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு இரண்டடி பின்னால் போனார். குதிகால்கள் இரண்டும் டக்கென்று ஒட்டின. முதுகு நிமிர்ந்தது. வலது கை நெற்றிக்கு ஏறி அப்படியே நின்றது.

சலாம்! என் அப்பாவுக்குச் சலாம் போடுகிறாராம்!

சலாம் என்றால் என்னவென்று தோட்டத்துப் பிள்ளைக்குத் தெரியாதா? துரையின் கார் வரும்போது அப்பா சைக்கிளிலிருந்து இறங்கி ஓரமாக நின்று நெற்றிக்குக் கையைக் கொண்டுபோவார். கார் நிற்காது. தோட்டத்துக் கிராணிக்கும் அதே சலாம்தான். மனசிலிருந்து வருவது இல்லை அது, பயத்தில் போடுவது. இல்லாவிட்டால் நக்கலுக்குப் போடுவது. காலில் விழுந்தால் வெள்ளைச் சட்டை அழுக்காகும், கூட்டாளிகள் பார்ப்பார்கள், அதனால் இந்த நாடகம் என்று நினைத்தேன். அப்பா தம்பியை அண்ணாந்து பார்த்தபடி நின்றார். அவர் கை எதற்கோ லேசாக அசைந்தது.

"போதும், வேஷம் போடாதீங்க!" என்று கத்திவிட்டு, அப்பாவின் கையை என் இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். "வாங்கப்பா, போலாம்!"

அப்பா என் பிடிவாதத்துக்கு எதிரே எப்போதும் தோற்றுப்போகிறவர். அன்றும் என் இழுப்புக்கு வந்துவிட்டார், அந்த இறுக்கமான காலணியில் நொண்டிக்கொண்டே. அம்மா பின்னால் வந்தார். வாசல் திருப்பத்தில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். சித்தப்பா நெற்றியில் வைத்த கையை இறக்கவில்லை. கதவைத் திறந்துவிட்டிருந்தார்கள், மணியடிக்க வேண்டியவர் கயிற்றைப் பிடித்தபடி காத்திருந்தார், இவர் மட்டும் நாங்கள் போன திசையைப் பார்த்துக்கொண்டு சிலையாக நின்றிருந்தார். இன்னும் வேஷம் கலையவில்லை பார் என்று நினைத்துக்கொண்டேன். சாப்பிடாமலே பஸ் ஏறினோம்.

அதற்குப் பிறகு இரண்டு தீபாவளிக்குச் சித்தப்பா வந்தார். நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. பொத்தான் விஷயத்தில் என் கோபம் இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது. அதில் ஒரு குண்டுமணிகூடக் குறையவில்லை. வாக்குக் கொடுத்துவிட்டு மாமனாருக்குப் பயந்து மாற்றியது தப்பு. அதை அவர் முகத்துக்கு நேராகவே பிறகு சொல்லியும் இருக்கிறேன்.

ஆனால் இடைநிலைப் பள்ளியில் சாரணர் மாதிரியான ஒரு சீருடை இயக்கத்தில் சேர்ந்த முதல் வாரம், திடலில் எங்களை வரிசையில் நிறுத்தி மலாய் ஆசிரியை சல்யூட் சொல்லிக் கொடுத்தார். சின்னவர்தான் முதலில் கையைத் தூக்க வேண்டும் என்றார். பெரியவர் கையைத் தூக்கிப் பதில் கொடுக்கும்வரைக்கும் சின்னவர் கையை இறக்கக் கூடாது. எவ்வளவு நேரமானாலும், கை கடுத்தாலும், நின்றுகொண்டேதான் இருக்க வேண்டும்.

பதில் கொடுக்க வேண்டியது வலது கை. அன்று நான் இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக்கொண்டு போனது அப்பாவின் அந்தக் கையைத்தான்.