ஓலை கட்டிய படிக்கட்டு

பசிபிக் தீவான நியுவேயில் கடலுக்குப் போவதென்றால் பாறை விளிம்பில் ஊருக்கு ஊர் இருக்கும் பிளவில் வெட்டிய படிக்கட்டு வழியாக இறங்க வேண்டும். மனோகியின் ஊரில் அந்தப் படிக்கட்டு அவள் வீட்டுக்குப் பின்னால்தான் தொடங்கியது. புருஷன் போனபிறகு பிள்ளைகள் ஆக்லாந்துக்குக் கூப்பிட்டார்கள். அவள் அசையவில்லை. பாறை இடுக்குகளில் சேம்பு நட்டாள். ஊர்ச்சபையில் உட்கார்ந்து, மற்றவர்கள் தூங்கி விழும்போது பேசினாள்.

சிப்பி அருகிப்போனதால் கரைப்பாறையைக் கொஞ்ச காலம் மூடலாம் என்று சொன்னவளும் அவளே. படிக்கட்டின் தலையில் குறுக்காகத் தென்னோலை கட்டினாள். ஓலை இருக்கும்வரை யாரும் இறங்கக்கூடாது. வாளியோடு வந்த சொந்தக்காரப் பிள்ளைகளைக்கூட விரட்டியடித்தாள்.

அந்த நேரம் பார்த்து ஆக்லாந்திலிருந்து தம்பி தோகியா விமானத்தில் வந்து இறங்கினான். இதயம் பலவீனம்; இனி இவ்வளவு தூரம் வருவது சந்தேகம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அவன் கேட்டது ஒன்றே ஒன்று: நம் பாறைச் சிப்பி.

பக்கத்து ஊரில் வாங்கித் தருவதாகச் சொன்னாள். அவன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

"நீ கட்டின ஓலைதானே அக்கா, நீயே அவிழ்த்தா யாரு கேப்பா?"

"யாரும் கேக்கமாட்டாங்க. அதான் அவிழ்க்கல."



மறுநாள் விடிந்ததும் வாளியைக் காணோம், தம்பியையும் காணோம். படிக்கட்டுப் பக்கம் ஓடினாள். ஓலைக்கு இந்தப் பக்கமே, வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தான்.

"முடிச்சு இன்னும் அப்பா போடுற மாதிரியே போடுறே," என்றான். பிறகு, எப்போது அவிழ்ப்பாய் என்று கேட்டான். உன் விமானம் போன மறுவாரம் என்றாள்.

அவன் ஏறவேண்டிய விமானம் அவனை விட்டுவிட்டுத் தலைக்கு மேலே போனது. அவன் சேம்பின் தோலைச் சீவிக்கொண்டிருந்தான், நிமிர்ந்தே பார்க்கவில்லை.

மறுவாரம் சபையார் முன்னிலையில் ஓலையை அவிழ்த்தாள். அன்றைக்கென்று அலை படிக்கட்டின் பாதிவரை ஏறி அடித்தது. யாராலும் இறங்க முடியவில்லை.

"கடலும் உன் சபையிலதான் உக்காந்திருக்கா?" என்றான் தோகியா.

மனோகிக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த விமானத்துக்கு அவன் பையை எடுத்து வைக்கலாமா என்று மெல்லக் கேட்டாள்.

"கடல் அடங்கட்டும்," என்றான். சேம்பு நட இன்னொரு கடப்பாரை இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பின்கட்டுக்குப் போனான்.