வாய்க் கம்பியும் காதுக் கம்பியும்

லிஃப்ட் மெக்கானிக்குக்கும் அவர் தங்கைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான். இந்தப் பக்கம் அண்ணன் குடித்தனம். அந்தப் பக்கம் தையல்காரத் தங்கை, தனிக்கட்டை. முப்பது வருஷமாக, காலையில் சுவரைத் தட்டி ஒரு சண்டை போட்டால்தான் இருவருக்கும் காப்பி தொண்டையில் இறங்கும். அப்படிப்பட்டவளுக்குத் தொண்டையில் கட்டி. எடுத்தால் உயிர் தங்கும், குரல் தங்காது என்றுவிட்டார் டாக்டர்.

"இனிமே உன்கூட யாருண்ணா சண்டை போடுவா?" ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி கேட்டாள். அவள் குரலில் அவர் கேட்ட கடைசிப் பேச்சு அதுதான்.

வெள்ளிக்கிழமை வீடு திரும்புகிறாள். அதற்குள் அந்தக் கேள்விக்குப் பதில் செய்தாக வேண்டும். பரணிலிருந்து இரண்டு பழைய கம்ப்யூட்டர்களை இறக்கினார். செத்ததைப் பிழைக்க வைப்பது அவருக்குப் பொழுதுபோக்கு. இரண்டும் டிவியில் மாட்டி ஓட்டுகிற ரகம். ஒன்றோடொன்று பேச வழியே கிடையாது. விளையாட ஜாய்ஸ்டிக் செருகும் ஓட்டை மட்டும் உண்டு. கம்ப்யூட்டருக்கு எழுத்தெல்லாம் ஒன்றும் சைபரும்தான். ஜாய்ஸ்டிக் குச்சியை மேலே தள்ளினால் ஒன்று, கீழே தள்ளினால் சைபர் என்று வைத்துக்கொண்டு, குச்சிக்குப் பதில் அந்த ஓட்டையில் கம்பியைச் செருகினால் எழுத்து போகாதா என்ன? சுவருக்கு இந்தப் பக்கம் ஒன்று, தங்கை வீட்டில் ஒன்று என்று வைத்து, சுவரைத் துளைத்துக் கம்பி விட்டார்.

"போன்ல தட்டிக்கக் கூடாதா?" என்றாள் மனைவி.

"அந்தப் பொடி எழுத்து அவ கண்ணுக்குத் தெரியாது. டிவின்னா பூசணிக்கா மாதிரி தெரியும்."

வியாழக்கிழமை சாயங்காலம் வரை ஓர் எழுத்துகூட வரவில்லை. மனிதர் சோறு தண்ணீர் இல்லாமல் உட்கார்ந்திருந்தார்.

"எதை எதோட முடிஞ்சிருக்கீங்க?" வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்.

"இதுல அனுப்புற கம்பியை அதுல அனுப்புற கம்பியோட. வாங்குறதை வாங்குறதோட. ஒழுங்காத்தானே இருக்கு?"

"நல்லா இருக்கு ஒழுங்கு! வாயோட வாயை வச்சா முத்தம்தான் வரும், பேச்சு எங்க வரும்? வாய் காதுக்குல்ல போகணும்!"

 அவர் அனுப்பும் கம்பியை வாங்கும் கம்பியோடு மாற்றி முடிந்தார்.

மறுநாள் கழுத்துக் கட்டோடு தங்கை வந்து தன் வீட்டு டிவி முன்னால் அமர்ந்தாள். அவர் தன் வீட்டுக்கு ஓடி, சுவரில் வாயை வைத்து, "தட்டும்மா! வருதான்னு பாப்போம்! தட்டு!" என்று வீடே அதிரக் கத்தினார்.

அவர் வீட்டு டிவியில் ஆங்கில எழுத்தில் தமிழ், எறும்பு ஊர்வதுபோல ஒவ்வொன்றாக வந்தது.

"போனது குரல்தான். காது இல்ல. கத்தாத."

மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். அவருக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. அவர் வாயால் சொன்னால் அவளுக்குக் கேட்கும்தான். ஆனாலும் வாயை மூடிக்கொண்டு, அவளைப்போலவே ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தேடித் தட்டினார்.

"அப்படித்தான் கத்துவேன். என்ன செய்வ?"

சுவருக்கு அந்தப் பக்கம் விசைகள் படபடவென்று கேட்கத் தொடங்கின.