ஸ்க்ரூ டீச்சரும் பதினெட்டுக் கண்ணாடிகளும்

மூக்குக் கண்ணாடிக் கடையில் இருபத்தாறு வருஷம் நின்றபடியே வேலை பார்த்தவள் அவள். ஆள் கடைக்குள் காலெடுத்து வைக்கும்போதே, கண்ணைச் சுருக்கிப் பார்க்கும் தினுசை வைத்தே பவர் எவ்வளவு இருக்கும் என்று ஊகித்துவிடுவாள். பெரும்பாலும் தப்பாது. முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்ததும் வேலையை விட்டாள். வீட்டில் உட்கார்ந்த இரண்டாவது வாரமே கணவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"தாயே, ஜன்னல் கண்ணாடிய இன்னைக்கு நாலு தடவ துடைச்சிட்ட. எங்கயாச்சும் போய் நாலு பேருக்கு உபயோகமா இரு."

அப்படித்தான் அந்தத் தன்னார்வக் குழுவில் சேர்ந்தாள். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கண் சோதித்து, தேவைப்பட்டவர்களுக்கு இலவசமாகக் கண்ணாடி கொடுக்கும் குழு. மொத்தமே ஏழு பேர். செயலாளர் ஓய்வுபெற்ற பொறியாளர். நல்ல மனுஷன்தான். ஆனால் எதையும் எண்ணிக்கையில் சொன்னால்தான் அவருக்கு மனசு ஆறும்.

முதலில் போனது மேம்பாலத்தை ஒட்டிய ஒரு தொடக்கப் பள்ளிக்கு. ஒரே காலையில் நூற்றிப் பன்னிரண்டு பிள்ளைகளை வராந்தாவில் வரிசையாக நிறுத்திச் சோதித்தார்கள். மூன்று வாரம் கழித்துப் பதினெட்டுக் கண்ணாடிகள் கொடுத்தார்கள். பேனர் கட்டிப் படம் எடுத்துக்கொண்டார்கள். 'ஒரு பள்ளி முடிந்தது' என்று செயலாளர் நோட்டில் எழுதினார்.

இரண்டு மாதம் கழித்து, பள்ளி விடும் நேரத்தில் அவள் அந்த வழியாக வந்தாள். பழக்க தோஷம், கேட்டருகே நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பதினெட்டில் இரண்டுதான் தென்பட்டன. அதிலும் ஒன்று நெற்றிமேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

செயலாளரிடம் சொன்னாள். "கொடுக்கறது நம்ம வேலை. போடறதும் போடாததும் அவங்க பாடும்மா" என்றார் அவர்.

அவளுக்கு அது தொண்டையில் இறங்கவில்லை. கடையில்கூட, கண்ணாடி வாங்கிப் போனவர் திரும்ப வந்து "சரியா உக்காரலை" என்றால், கழற்றி வாங்கிக் காதுக்குப் பின்னால் வளைத்துக் கொடுத்துத்தான் அனுப்புவார்கள். மறுநாள் தனியாகவே பள்ளிக்குப் போனாள்.

தலைமையாசிரியை பதிவேட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "உக்காருங்க" என்றார். வந்த விஷயத்தைச் சொன்னதும் பெருமூச்சு விட்டார்.

"உங்கள மாதிரி வருஷத்துக்கு ஆறு குழு வர்றாங்கம்மா. ஒருத்தர் மரம் நடுறாங்க, தண்ணி ஊத்த ஆள் கிடையாது. நீங்க வந்தது எப்பன்னு ஞாபகம் இருக்கா? பரீட்சைக்கு முந்தின நாள். பாதி நாள் போச்சு."

அவளுக்கு அது தெரியவே தெரியாது. "அப்பவே வேணாம்னு சொல்லியிருக்கலாமே மேடம்?"

"மேல இருந்து கடிதம் வாங்கிட்டு வந்து நீட்டுனா நான் எப்படி வேணாம்னு சொல்ல?"

அவள் நாற்காலியை மேஜைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். பிறகு, "இன்னைக்கு எதுவும் கொடுக்க வரலை மேடம். பிள்ளைங்க ஏன் போடலைன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கத்தான் வந்தேன்" என்றாள்.

தலைமையாசிரியை பேனாவை மூடி வைத்தார். "நாலாம் வகுப்பு டீச்சரைப் பாருங்க. அவங்கதான் பட்டவர்த்தனமா பேசுவாங்க."

பேசத்தான் செய்தார் அந்த டீச்சர், சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபடியே. ஒரு கண்ணாடியின் திருகாணி மூன்றாம் நாளே கழன்று விழுந்துவிட்டது. இப்போது கண்ணாடி பையிலும் கழன்ற கால் பென்சில் டப்பாவிலும் இருக்கிறது. ஒரு அம்மா, உடைந்துவிடும் என்று பயந்து பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். இன்னொரு பையனைத் 'தவளை' என்று கூப்பிட்டார்கள், அன்றோடு அவன் கண்ணாடியைத் தொடவில்லை.

"அதோ ஒரு வாயாடி நிக்கறா பாருங்க, அவ உங்க லிஸ்ட்லயே இல்ல. ஆனா போர்டைப் பாத்து ஒரு வரி எழுத மாட்டா. பக்கத்துப் பிள்ளை நோட்டைப் பாத்துதான் எல்லாம்."

"அவளையும் சோதிச்சோமே டீச்சர். கடைசி வரி வரைக்கும் கடகடன்னு படிச்சாளே?"

"படிக்காம? வரிசைல கடைசி ஆளு அவ. முன்னாடி நூறு பேர் கத்துனதைக் கேட்டு மனப்பாடம் பண்ணிட்டா. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன்."

அவளுக்குச் சுருக்கென்றது. இருபத்தாறு வருஷ அனுபவத்தை ஒரு நாலாம் வகுப்புப் பெண் ஏமாற்றிவிட்டாள்.

"சரி டீச்சர், நாங்க என்ன பண்ணுனா உங்களுக்குத் தோதா இருக்கும்?"

டீச்சர் மென்றுகொண்டே யோசித்தார். இதுவரை யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை போலும். "வாரத்துல ஒரு நாள் வாங்க, சாப்பாட்டு நேரத்துல. வர்றதா இருந்தா தவறாம வாங்க. முடியலைன்னா முந்தின நாளே சொல்லிடுங்க. பிள்ளைங்க வாசலையே பாத்துட்டிருந்தா அப்புறம் எனக்குப் பாடம் ஓடாது."

செவ்வாய்க்கிழமை என்று முடிவாயிற்று. மாடிப்படிக்குக் கீழே ஒரு பெஞ்சு, அவளுடைய பழைய கருவிப் பெட்டி, ஒரு டப்பா நிறையப் பொடித் திருகாணிகள். முதல் செவ்வாயே ஒரு சிறுமி வராந்தா அதிரக் கத்தினாள்: "டீச்சர், எனக்கு ஸ்க்ரூ லூஸ் ஆயிடுச்சு!" ஆசிரியர் அறை வரைக்கும் சிரிப்பு கேட்டது. அன்றிலிருந்து அவளுக்கு 'ஸ்க்ரூ டீச்சர்' என்று பெயர் ஆகிவிட்டது. வாயாடியைத் தனி அறையில், எழுத்துகளை மாற்றி வைத்துச் சோதித்தாள். மைனஸ் இரண்டு பவர். கண்ணாடி போட்டதும் அந்தப் பெண் அதிசயமாக முதல்முறை வாயடைத்து நின்றாள்.

பெற்றோர் கூட்டத்தில் தலைமையாசிரியை அவளுக்குப் பத்து நிமிஷம் ஒதுக்கினார். "உடைஞ்சா உடையட்டும்மா, நான் எதுக்கு இருக்கேன்?" என்றாள். மறுநாளே பீரோ கண்ணாடி வெளியே வந்தது. தவளை விவகாரத்துக்குத்தான் அவளிடம் மருந்து இல்லை. அதை நாலாம் வகுப்பு டீச்சரே தீர்த்தார். ஒரு நாள் கைப்பையிலிருந்து ஒரு கண்ணாடிக் கூட்டை எடுத்துப் பெஞ்சில் வைத்தார்.

"என்னோடதுதான். ரெண்டு வருஷமா வெளிய எடுக்கலை. வயசாயிட்ட மாதிரி தெரியுதேன்னு…"

அவள் மூக்குத் தாங்கியைச் சரிசெய்து கொடுத்தாள். டீச்சர் அதைப் போட்டுக்கொண்டு வகுப்புக்குள் போனார். பிள்ளைகள் பார்த்தார்கள். அன்று யாரும் தவளை என்று வாய் திறக்கவில்லை.

ஐந்தாவது மாதக் கூட்டத்தில் செயலாளர் குறைப்பட்டுக்கொண்டார். "மத்த குழு இருபது பள்ளி முடிச்சிட்டாங்க. நாம ஒண்ணுலயே உக்காந்திருக்கோம்."

"ஒரு செவ்வாய்க்கிழமை என்கூட வந்து பாருங்க சார், அப்புறம் பேசலாம்."

வந்தார். பதினெட்டில் பதினைந்து பேர் கண்ணாடியோடு திரிவதை எண்ணிப் பார்த்துக்கொண்டார். அது அவருக்குப் பிடித்தமான வேலை. பிறகு தலைமையாசிரியையின் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, அடிமட்டம் வைத்து நடுவே கோடு போட்டு, எது யார் பொறுப்பு என்று ஒரு பக்கத் தாளில் எழுதினார்கள். தேதியைப் பள்ளிதான் குறிக்கும். முதல் பட்டியலை வகுப்பு ஆசிரியர்கள் தருவார்கள். சோதனை மூடிய அறையில், ஒவ்வொருவராக. பழுது பார்ப்பதும் மாற்றிக் கொடுப்பதும் குழுவின் பொறுப்பு. பேனர் கிடையாது. ஆளுக்கு ஒரு பிரதி.

அடுத்த வருஷம் தலைமையாசிரியையே போன் செய்து நாள் சொன்னார். ஆசிரியர்கள் தந்த பட்டியலில் இருபத்து மூன்று பேர். பத்தொன்பது பேருக்குக் கண்ணாடி தேவைப்பட்டது. மூன்று பேருக்குக் கண்ணில் குறையே இல்லை. மீதி ஒரு பையன், அவள் கேள்வி கேட்கும்போதெல்லாம் வலது பக்கமாகவே தலையைத் திருப்பினான்.

"இவனுக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு டீச்சர். காதைக் காட்டுங்க" என்றாள். அதே வாரம் மருத்துவமனைக்கு அழைத்துப் போனார்கள். அவள் ஊகம் சரியாகவே இருந்தது.

அந்த மாதம் பக்கத்துப் பள்ளித் தலைமையாசிரியர், எங்களுக்கும் வருவார்களா என்று விசாரித்துக்கொண்டு வந்தார். அவள் மாடிப்படிக்குக் கீழே வேலையாக இருந்ததால் தலைமையாசிரியையே பதில் சொன்னார்.

"வருவாங்க சார். ஆனா முதல் நாள் கண்ணை எல்லாம் பாக்க மாட்டாங்க, உங்க டீச்சருங்களோட உக்காந்து பேசத்தான் செய்வாங்க. அதுக்கு நேரம் ஒதுக்க முடியும்னா சொல்லுங்க."

வியாழக்கிழமை ஒதுக்க முடியும் என்றார் அவர்.