தெர்மோஸ்டாட்டுக்குப் பொட்டு

மாப்பிள்ளை வீட்டில் கார் இருக்கிறது என்று சொல்லித்தான் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். அந்தக் காரைத் தள்ள ஆள் தேவைப்படும் என்று யாரும் சொல்லவில்லை. மாமனாருக்குச் செஞ்சி பஜாரில் மளிகைக் கடை. பலர் கைமாறி, இனி வாங்க ஆளே இல்லை என்ற நிலையில் அந்தக் காரை இவர் தலையில் கட்டியிருந்தார்கள். ரேடியேட்டரில் ஓட்டை. பக்கத்திலிருக்கும் சிங்கவரம் போய்த் திரும்புவதற்குள் பானட்டிலிருந்து ஆவி கிளம்பும்.

அறுபதுகளின் நடுவில் ஒரு வெயில் காலம். எனக்கு ஒன்பதாம் மாதம். வளைகாப்பு முடிந்ததும், தலைப்பிரசவத்துக்கு என்னைத் திருவண்ணாமலைக்குக் கூட்டிப்போக அம்மா தயாராக நின்றாள். மாமனார் குறுக்கே விழுந்தார்.

"கார் வெச்சினுக்கிற ஊட்டு மருமவ பஸ்ஸுல போனா பஜார்ல இன்னா பேசுவானுங்க? வண்டிய ரிப்பேர் பண்ணி நானே கொண்டாந்து உடுறேன். நீங்க போங்க சம்மந்தி."

அம்மா தனியாகப் போனாள். கை நிறைய வளையலோடு நான் செஞ்சியிலேயே நின்றேன். எனக்குப் பயமாக இருந்தது. அம்மா வேண்டும் போல இருந்தது. வாய்விட்டுச் சொல்லியும் பார்த்தேன். கார் சரியானதும் போகலாம் என்றார்கள்.

மாமனாரைப் பொறுத்தவரை உலகத்தில் உள்ள எல்லாக் கோளாறுக்கும் மருந்து அவர் கடையிலேயே உண்டு. ஓட்டையை அடைக்க ரேடியேட்டரில் மஞ்சள்தூளைக் கொட்டினார். ஒழுகுவது குறைந்தது. அதோடு விட்டிருக்கலாம். உற்சாகத்தில் கொஞ்சம் மைதாவையும் கரைத்து ஊற்றினார். ஒழுகல் அடியோடு நின்றது, உள்ளே தண்ணீர் ஓடுவதும் நின்றது.

என் கணவர் மெட்ராஸ் போய் வேறொரு ரேடியேட்டரும் புது தெர்மோஸ்டாட்டும் வாங்கி வந்தார். வீட்டு வாசலிலேயே வேலை. பழைய ரேடியேட்டரைக் கழற்றியதும் தெருவில் சாம்பார் மாதிரி ஒன்று ஓடியது. தெர்மோஸ்டாட் என்பது எஞ்சின் தலையில் உட்காரும் ஒரு சின்ன வால்வு. எஞ்சின் சூடானால் அது திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு அனுப்பும். பழையது துருவேறித் துண்டு துண்டாகத்தான் வெளியே வந்தது. அது எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தது என்று யாருக்கும் தெரியவில்லை.

புதியது வேலை செய்கிறதா என்று பார்க்க, அவர் அதைச் சமையலறையில் கொதித்துக்கொண்டிருந்த உலைத் தண்ணீரில் போட்டார். மாமியார் போட்ட கூச்சலில் எனக்கு அங்கேயே பிரசவம் ஆகியிருக்கும். ஆனால் வெந்நீருக்குள் அது மெல்ல வாயைத் திறந்ததும் அதே மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அந்த வீட்டில் புதிதாக எது வந்தாலும் மஞ்சள் குங்குமம் வைத்துத்தான் உள்ளே எடுப்பார்கள். தராசுக்கு வைத்தார்கள், சைக்கிளுக்கு வைத்தார்கள், எனக்கும் வைத்தார்கள். தெர்மோஸ்டாட்டின் ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் குமிழாகத் துருத்திக்கொண்டிருந்தது. குமிழ்தான் தலை என்று தீர்மானித்து அதன் உச்சியில் மாமியார் பொட்டு வைத்தார்.

கணவர் அந்தக் குமிழ் கீழே போகிற மாதிரி வைக்கப் போனார்.

"டேய், பொட்டு வெச்சதத் தலகீழா போடுவியா? புள்ளத்தாச்சிப் பொண்ணு ஏறப்போற வண்டிடா!" என்றார் மாமியார்.

என் கணவர் சாமியோடு வேண்டுமானால் சண்டை போடுவார், அம்மாவோடு மாட்டார். குமிழை மேலே திருப்பி வைத்து நட்டுகளை முறுக்கினார். ஓட்டிப் பார்க்க நேரமில்லை, நல்ல நேரம் முடியப்போகிறதாம். சக்கரத்தில் எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டுக் கிளம்பினோம். முன்னால் அப்பனும் பிள்ளையும், பின்னால் மாமியாரும் நானும்.

கோட்டை மலைகளைத் தாண்டிக் கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை. ஆவி கக்கிக்கொண்டு கார் நின்றது. கணவர் பானட்டைத் திறந்து இங்கும் அங்கும் தொட்டுப் பார்த்தார்.

"எஞ்சின் கொதிக்குது, ரேடியேட்டர் ஜில்லுனு இருக்குது நைனா. தண்ணி இந்தாண்ட வரவே இல்ல. பொட்டு கீழதான் பாக்கணும் போல."

"சரி உடு, மாட்டக் கட்டி இழுத்துனு ஊட்டுக்குத் திரும்பிடலாம். வேற நாள் பாத்துக்கலாம்" என்றார் மாமனார்.

வேறு நாளாம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, உடம்பு மட்டும் ஒத்துழைத்திருந்தால் அந்தக் காரை அப்படியே பள்ளத்தில் உருட்டிவிட்டிருப்பேன். அழுகைதான் வந்தது. அந்த நேரம் பார்த்துத் திருவண்ணாமலை பஸ் தூரத்தில் தெரிந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார் இறங்கி நடுரோட்டில் போய்க் கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

"அடியே, பஜார்ல இன்னா பேசுவா..." என்று மாமனார் ஆரம்பித்தார்.

"இன்னா வேணா பேசட்டும். தாய்வூட்டுக்குக் கெளம்பின பொண்ண நடுவழில திருப்பக் கூடாது."

பஸ்ஸில் மாமியார் எனக்கு ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தார். கீழ்பெண்ணாத்தூர் தாண்டிய பிறகு, யாரிடமோ சொல்வது போலச் சொன்னார்.

"எனக்கு மாட்டு வண்டி. பாதி வழில அச்சு முறிஞ்சிது. உங்க மாமா இப்பிடித்தான் வேற நாள் பாத்துக்கலாம்னு திருப்பினு வந்துட்டாரு. அப்பறம் அந்த நாளே வரல. அம்மா அம்மான்னு கத்திக்கினேதான் உன் ஊட்டுக்காரன பெத்தேன்."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வளையல்கள் அவர் மணிக்கட்டில் இடித்தன, அவர் கையை எடுக்கவில்லை.

அம்மா வாசலில் கோலம் போட்டு, கார் வரும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் நடந்து வருவதைக் கண்டு பதறி ஓடிவந்தாள். நான் தெரு என்றும் பார்க்காமல் அவள் தோளில் சாய்ந்து ஓவென்று அழுதேன். மாமியாரைக் காப்பி குடிக்கச் சொன்னதற்கு, "ரெண்டு பேரும் வண்டியப் பிரிச்சிப் போட்டுனு ரோட்டுல நிப்பாங்க, நான் போவணும்" என்றார். ஆனால் உடனே போகவில்லை. என் தலையைத் தடவிக்கொண்டிருந்த அம்மாவின் கையையே பார்த்தபடி கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்.