மணல்மேடு என்றார்கள்

மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த மறுவருடம் என் மனைவியின் முதுகைப் படம் எடுத்தேன். பண்டார் ஹிலிரில் ஒரு ஸ்டூடியோவில் எனக்கு வேலை. நாள் முழுக்கக் கல்யாண ஜோடிகள், பள்ளிக்கூடக் கூட்டங்கள், முகங்கள். அலுத்துப்போன கண்ணுக்கு, யாருடையது என்றே தெரியாத உடம்பின் ஒரு பகுதியை வெறும் ஒளியும் நிழலுமாகப் பார்க்க ஆசை வந்தது.

அவளிடம் கேட்க ஒரு மாதம் ஆனது.

"மொகம் தெரியாதுல்ல?" என்றாள்.

"தெரியாது."

"நீங்க மட்டும் பாக்கிறதுன்னா சரி."

காஜா பேராங்கில் இருந்த எங்கள் வீட்டின் குளியலறைதான் என் இருட்டறை. எடுத்த படத்தை அச்சிட ஞாயிறு மத்தியானம் ஜன்னலில் கம்பளி அடித்து, சிவப்பு பல்பைப் போட்டோம். தாளில் ஒளி விழும்போது இடுப்பு வளைவு கருத்துவிடாமல் உள்ளங்கையால் மறைத்தேன். முதுகெலும்பின் பள்ளத்துக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் ஒளி கொடுத்துக் கருக்கினேன். மூன்று தாள்கள் வீண். நான்காவதில் உருவம் மருந்துத் தட்டில் மெல்ல எழும்பியபோது அவள் குனிந்து பார்த்தாள்.

"இது நானா?" என்று சிரித்தாள். அவளே ஓரத்தைப் பிடித்துத் தூக்கித் தண்ணீரில் போட்டாள்.

அதை அவளிடம் சொல்லாமல் ஊரில் நடந்த படக் கண்காட்சிக்கு அனுப்பினேன். சுவரில் மாட்டினார்கள். வந்தவர்கள் உஜோங் பாசிர் கடற்கரை மணல்மேடு என்றார்கள். நான் பேசாமல் நின்றிருக்கலாம். எங்கள் ஸ்டூடியோவுக்குப் பக்கத்துத் துணிக்கடைக்காரர் என் தோளைத் தட்டினார்.

"மணலை யாரு வேணா புடிப்பாங்க லா, தம்பி. இதுல என்ன இருக்கு?"

எனக்குச் சுருக்கென்றது. "மணல் இல்லண்ணே. என் வீட்டுக்காரி முதுகு."

அவர் சிரிக்கவில்லை. திரும்பவும் படத்தைப் பார்த்தார். இந்த முறை பார்வை வேறு. சொன்னதை விழுங்க முடியாது என்று அப்போதுதான் உறைத்தது.

நான்கு நாள் கழித்து, மீன் வாங்கப் போனவள் வெறுங்கூடையோடு திரும்பினாள்.

"பாசார்ல ரெண்டு பேரு என் முதுகையே பாத்துப் பேசிக்கிறாங்க. என்னன்னு நீங்களே சொல்லுங்க."

ஒன்றுவிடாமல் சொன்னேன். முழுதும் கேட்டாள்.

"படத்துல என்னை யாருக்கும் தெரியல. நீங்கதான் சொல்லிட்டீங்க."

படத்தைத் திருப்பி வாங்கி வந்து கிழித்தேன். நெகட்டிவை அவள் எதிரிலேயே வெட்டினேன். "இப்ப வெட்டி என்ன செய்ய?" என்று அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அதன்பின் அவள் என்னோடு சண்டை போடவில்லை. சமைத்தாள், பேசினாள், பிள்ளைகளைப் பெற்று வளர்த்தாள். ஆனால் வெளியே கிளம்பினால் முந்தானை முதுகைச் சுற்றி வந்துவிடும். நான் கேமராவை எடுத்தாலே எழுந்து போய்விடுவாள். பல வருடம் கழித்து ஒருநாள் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க" என்றாள். விட்டுவிட்டாளா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அவள் காலமான பிறகு, சுவரில் மாட்ட அவளுடைய நல்ல படம் ஒன்று தேடி மகள் அலமாரி முழுக்கக் கிளறினாள்.

"ஊரையே படம் புடிச்சீங்க. அம்மாவை ஏம்ப்பா எடுக்கல?"

அம்மாவுக்குப் பிடிக்காது என்று மட்டும் சொன்னேன். ஏன் பிடிக்காமல் போனது என்று இன்றுவரை மகளிடம் சொல்லவில்லை.