லைவ் பாதியில் நின்றது ஏன் என்று கேட்டவர்களுக்கு

முனிராஜ் அண்ணன் போய்விட்டார்.

நேற்று விடியற்காலை நெஞ்சு வலிக்கிறது என்று சொன்னவர்... ஆஸ்பத்திரி வாசல் வரைகூட வரவில்லை. இன்று மதியம் எடுத்தாச்சு.

ஓசூரில் வீட்டில் கேபிள் கனெக்‌ஷன் வைத்திருந்தவர்களுக்கு அவரைத் தெரியாமல் இருக்காது. நம்ம ஊர் லோக்கல் சேனலை நடத்தியவர். கேமராவும் அவர்தான், எடிட்டிங்கும் அவர்தான், ஒயர் அறுந்தால் கம்பத்தில் ஏறுகிறவரும் அவர்தான். நான் அங்கே செய்தி வாசித்தவள்.

அண்ணன் வீட்டு வாசலிலிருந்து போன லைவ் ஏன் பாதியில் கட் ஆனது என்று மதியத்திலிருந்து இன்பாக்ஸில் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். நெட் போச்சா, சார்ஜ் இல்லையா என்று. சொல்கிறேன். முதலில் அவரைப் பற்றிக் கொஞ்சம் பேச விடுங்கள்.

அண்ணன் பாடிக்கொண்டே இருப்பார்... ஒரே பாட்டு, பழைய சினிமாப் பாட்டு. கேமராவைத் தோளில் வைத்தால் போதும், வாய் தானாக ஆரம்பித்துவிடும். தெருவில் தண்ணீர் வரவில்லை என்று நான் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு வாசிப்பேன். கேமராவுக்குப் பின்னால் இவர் இழுத்துக்கொண்டிருப்பார்.

"அண்ணா, தண்ணி வர்லேன்னு ஜனங்க அழுவுறாங்க. நீங்க காதல் பாட்டு பாடுறீங்க!"

"தண்ணி வர்ற வரைக்கும் அவங்களுக்குப் பொழுது போவ வேணாமா ஷமீமா?"

அதுவும் சேர்ந்தேதான் டெலிகாஸ்ட் ஆகும். பாகலூர் ரோட்டில் காய்கறி விற்கும் அம்மா ஒருநாள் என்னை நிறுத்திக் கேட்டார், "நேத்து நியூஸ்ல அண்ணன் பாடவேயில்லையே, ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

ஞாயிற்றுக்கிழமை ஃபோன்-இன் நிகழ்ச்சி. ஃபேக்டரியில் வேலை பார்க்கும் பையன்கள்தான் அதிகம் பேசுவார்கள். கோவில்பட்டித் தம்பி ஒருவருக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னோம். சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், "நீங்க என் பேரைச் சொல்றது எங்கம்மாவுக்குக் கேக்காதுல்லண்ணே... அவங்க ஊர்லதானே இருக்காங்க" என்றார்.

ஊர் எல்லையில் ஜூஜூவாடி தாண்டினாலே எங்கள் கேபிள் முடிந்துவிடும், கோவில்பட்டிக்கு எங்கே போக? அண்ணனுக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது.

பிறகு செட்டாப் பாக்ஸ் வந்தது. நூற்றுக்கணக்கான சேனல்களுக்கு நடுவில் நாங்கள் எங்கே இருக்கிறோம் என்று எங்களுக்கே தெரியவில்லை. மூடிவிடலாம் என்று எல்லாரும் சொன்னபோது அண்ணன் மட்டும் குதித்தார். "நெட்ல போடுவோம்மா! கோயில்பட்டி என்ன, துபாய் வரைக்கும் போவும்."

பழைய டேப் எல்லாவற்றையும் ராப்பகலாக நெட்டில் ஏற்றினார். ஸ்கூல் ஆண்டு விழா, எருது விடும் விழா, யார் யார் கல்யாணமோ... ஏற்றி முடித்ததும் டேப்புகளை மூட்டை கட்டிப் பழைய இரும்புக் கடையில் போட்டார். "அதான் நெட்ல இருக்குதே, இனிமே பூஞ்சை புடிக்கிற பயம் இல்ல."

எங்களில் ஒருத்தருக்கும் அது தப்பு என்று தோன்றவில்லை.

எருது விடும் விழாவில் ஸ்பீக்கர் கட்டிப் பாட்டு போடாத ஊர் எது? அந்தப் பாட்டு வீடியோவில் பின்னால் கேட்டாலே காப்பிரைட் என்று யாருக்குத் தெரியும்? இங்கிலீஷில் ஒரு மெயில் வந்தது, ஏதோ விளம்பரம் என்று விட்டுவிட்டோம். இன்னொன்று வந்தது. மூன்றாவதோடு நெட்டில் இருந்த எங்கள் சேனலையே தூக்கிவிட்டார்கள்.

மொத்தமும் போச்சு. ஓசூரின் அத்தனை வருஷமும்...

அன்று அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "என் கையாலயே கொண்டுபோய்க் கடையில போட்டேனே ஷமீமா..."

ஆனாலும் விடவில்லை மனுஷன். புது சேனல் ஆரம்பித்தார். கேமராவுக்குப் பதில் கையில் ஃபோன். எங்கே லைவ் போனாலும் முதலில் மைக்செட்காரரிடம் போய்ப் பாட்டை நிறுத்தச் சொல்லிக் கெஞ்சுவார்.

"பாட்டு இல்லாம எருது எப்பிடிண்ணா ஓடும்?" என்று தளிப் பக்கம் ஒரு மைக்செட்காரர் கேட்டார். கூட்டமே சிரித்தது. அண்ணனும் சிரித்தார், ஆனால் பாட்டு நிற்கும் வரை பாக்கெட்டிலிருந்து ஃபோனை எடுக்கவில்லை.

'பாட்டு போலீஸ்' என்று பேரே வைத்துவிட்டார்கள். கல்யாண வீட்டில் இவர் தலையைப் பார்த்தாலே பேண்டு செட் ரஃபீக் பாய் ட்ரம்பெட்டை இறக்கிவிடுவார்.

அதோடு அவர் பாடுவதும் நின்றுபோனது. யாரும் சொல்லி அல்ல. வாய் திறக்கும், உடனே மைக்கைப் பார்ப்பார், மூடிக்கொள்வார்.

வீட்டிலாவது பாடுகிறாரா என்று அவர் மனைவி சாந்தம்மா அண்ணியிடம் ஒருமுறை கேட்டேன். "பழக்கமே போயிருச்சும்மா" என்றார்.

இன்று அண்ணன் மகன் வாசலில் நின்று லைவ் போட்டுக்கொண்டிருந்தான். துபாயிலிருந்தெல்லாம் கமெண்ட். அந்தக் கோவில்பட்டித் தம்பியும் இருந்தார்... 'அம்மாவும் நானும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்' என்று எழுதியிருந்தார்.

ரஃபீக் பாய் செட்டோடு வந்தார். வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "லைவ் போவுதா தம்பி?"

"போவுது பாய்."

"அப்போ மேளம் மட்டும் போதும். பாட்டு வாசிச்சா அண்ணன் திட்டுவாரு." ட்ரம்பெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

அதுவரை அசையாமல் உட்கார்ந்திருந்த அண்ணி எழுந்தார். "அந்த ஃபோனை ஆஃப் பண்ணு."

"அம்மா, எத்தினி பேரு பாத்துக்கினு இருக்காங்க..."

"பாத்த வரைக்கும் போதும். இந்த மனுஷன் எத்தினி வருசம் வாயைக் கட்டிக்கினு கெடந்தாரு... ஆஃப் பண்ணுடா! பாய், அவரு பாட்டை வாசிங்க."

மகன் ஃபோனை அணைத்தான். ரஃபீக் பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தார். தெருவே சேர்ந்து பாடியது. நான் கதறிக்கொண்டே பாடினேன்.

அதனால்தான் லைவ் நின்றது. யாரும் ரெக்கார்ட் பண்ணவும் இல்லை. கோவில்பட்டித் தம்பி, மன்னிச்சுக்கோங்க... அம்மாகிட்டயும் சொல்லிடுங்க.

போய்ட்டு வாங்கண்ணா. மைக் ஆஃப்லதான் இருக்கு... பாடுங்க.