பிளைவுட் கப்பலில் நாற்பத்தைந்து நாள்

ஒரே பேச்சை ஒரு நாளைக்கு முப்பது தடவை பேசிவிட்டு, முப்பதாவது தடவையும் இப்போதுதான் கேள்விப்பட்டது போல ஆச்சரியப்பட்டுக் காட்ட வேண்டும். பொருட்காட்சியில் மைக் பிடிக்கிற வேலை அவ்வளவுதான். துணிக்கடையில் நாள் முழுக்கச் சேலை விரித்துக் காட்டுகிறவர்களுக்கும், பஸ்ஸில் ஏறி இஞ்சி மரப்பா விற்கிறவர்களுக்கும் இந்த வலி தெரியும். உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

நான் மொரப்பூர்க்காரி. எம்.எஸ்ஸி. இயற்பியல் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தபோது, தர்மபுரிப் பொருட்காட்சியில் ஸ்டால் எடுத்திருந்த கோவிந்தண்ணன் கூப்பிட்டார். போன வருடம் பேய் வீடு நடத்தியவர். இந்த வருடம் அதே பிளைவுட் அறைகளுக்குக் கறுப்பு ரெக்ஸின் ஒட்டி, ‘ஜப்பான் நீர்மூழ்கிக் கப்பல், உள்ளே வந்து பாருங்கள்’ என்று போர்டு மாட்டிவிட்டார். ஏன் ஜப்பான் என்று கேட்டேன். போனில் வீடியோ பார்த்தாராம், புது மாடலாம். அந்தக் கப்பலைப் பற்றிப் படித்து, கூட்டத்துக்குப் புரிகிற மாதிரி சொல்வது என் பொறுப்பு.

கேமரா

முதல் நாள், முதல் கூட்டம். “பழைய கப்பல்ல மேல பார்க்க நீளமா ஒரு குழாய் இருக்கும். இதுல குழாய்க்குப் பதிலா கேமரா. கடலுக்கு மேல நடக்கிறத உள்ள உக்காந்து டிவில பார்க்கலாம்” என்று சொல்லிவிட்டு, டிவியைப் போடச் சுவிட்சைத் தட்டினேன். டிவி வரவில்லை. கூரையிலிருந்து ஒரு எலும்புக்கூடு பல்லைக் காட்டிக்கொண்டு இறங்கியது. பேய் வீட்டு ஒயரைப் பிரிக்கக் கோவிந்தண்ணன் மறந்திருக்கிறார்.

கூட்டம் அலறியடித்து ஓடும் என்று நினைத்தேன். ஒருவரும் அசையவில்லை. முன்வரிசையில் நின்ற பெரியவர் மட்டும் அதன் விலா எலும்பை மரியாதையாகத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏம்மா, இவரு எத்தினி வருசமா தண்ணிக்குள்ளயே இருக்காருங்க?”

பேட்டரி

என் பேச்சில் எனக்குப் பிடித்த இடம் பேட்டரிதான். டீசல் எஞ்சின் ஓடக் காற்று வேண்டும். அதனால் கப்பல் மேல்மட்டத்துக்கு வந்து, ஒரு மூச்சுக்குழாயை வெளியே நீட்டி, எஞ்சினை ஓட்டிப் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றிக்கொள்ளும். பிறகு எஞ்சினை அணைத்துவிட்டுப் பேட்டரியிலேயே ஆழத்தில் போகும். முன்பெல்லாம் வீட்டு இன்வெர்ட்டரில் இருப்பது போன்ற ஈய பேட்டரி. ஜப்பான்காரர்கள் அதை எடுத்துவிட்டு, செல்போனில் இருக்கிற லித்தியம் வகைக்கு மாறிவிட்டார்கள். சீக்கிரம் சார்ஜ் ஏறும், அதிக நேரம் உள்ளேயே இருக்கலாம்.

பாப்பாரப்பட்டியிலிருந்து வந்த தக்காளி வியாபாரி ஒருவர் கையைத் தூக்கினார். “இதுக்கு டிஸ்டில் வாட்டர் ஊத்தோணுங்களா மேடம்?” வேண்டாம் என்றேன். அவர் சம்சாரத்திடம் திரும்பிச் சொன்னார்: “நம்ம வூட்டுக் கததான் புள்ள. அவுங்களுக்கு மேல வந்தாத்தான் சார்ஜு, நமக்குக் கரண்டு வந்தாத்தான் சார்ஜு!”

சத்தம்

நீர்மூழ்கிக்குப் பலமே சத்தமில்லாமல் இருப்பதுதான். வெளியே ரப்பர் போன்ற ஓடு, உள்ளே அதிர்வை வாங்கிக்கொள்ளும் தரை, அதற்குள் எழுபது பேர் மெதுவாகப் புழங்க வேண்டும். எதிரிக் கப்பலின் சத்தத்தை நாம் முதலில் கேட்டால் பிழைத்தோம். இதை விளக்க, விளக்கை அணைத்துவிட்டு ஒவ்வொரு கூட்டத்தையும் அரை நிமிடம் பேசாமல் நிற்கச் சொல்வேன். நாற்பத்தைந்து நாளில் ஒரு கூட்டம்கூட அரை நிமிடத்தைத் தாண்டவில்லை. யாருக்காவது போன் வந்துவிடும்.

ஒருநாள் வத்தல்மலையிலிருந்து வந்த ஒருவர் மட்டும், நேரம் முடிந்து விளக்கைப் போட்ட பிறகும் மூச்சுவிடாமல் நின்றுகொண்டிருந்தார். ராகிக் கொல்லையில் பன்றிக் காவலுக்குப் படுத்துப் பழகியவராம். அவர் என் மூன்று பக்கப் பேச்சை இரண்டே வரியில் முடித்தார்: “பன்னி நம்மளக் கேக்கறதுக்கு முன்னால நாம பன்னியக் கேக்கோணும், அவ்ளோதான பாப்பா? இதுக்கா இத்தினி இரும்பு?”

படுக்கை

மூன்றாவது வாரத்தில், கம்பைநல்லூர்ப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். கூட்டம் வெளியேறிய பிறகும் அவர் போகவில்லை. “எம்பையன் நேவில இந்த மாதிரிக் கப்பல்ல இருக்கான் கண்ணு. போன் பண்ணி இருவது நாளாச்சு. அவன் தூங்கற எடத்த மட்டும் காட்டு.”

இது ஜப்பான் கப்பல், உங்கள் பையன் இருப்பது வேறு மாதிரி இருக்கும் என்றேன். அது அவர் காதில் ஏறவில்லை. மூன்றடுக்குப் படுக்கையின் நடுத்தட்டை ஜாணால் அளந்தார். “ஆறடி ஒசரம் அவன். காலை எங்க நீட்டுவான்?” பையன் ஏன் போன் பண்ணவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும். ரேடியோவில் பேசினால் இருக்கிற இடம் தெரிந்துவிடும், அதனால் சும்மா இருக்கிறார்கள் என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார். இரண்டு நாள் கழித்து மறுபடி வந்தார். பிறகு மறுபடியும்.

என் பேச்சின் கடைசியில், ரொம்ப ஆழத்துக்குப் போனால் தண்ணீரின் கனம் இரும்பையே நசுக்கிவிடும் என்று ஒரு வரி வரும். அதற்கென்று ‘மளார்’ என ஒரு சத்தமும் போடுவோம். வரிசையில் அந்த அம்மா முகம் தெரிந்தால் அந்த வரி எனக்கு வாயில் வராது. “நல்ல எடத்த வுட்டுட்டியேம்மா, மெயின் ஐட்டமே அதான?” என்று கோவிந்தண்ணன் கத்தினார். காரணத்தைச் சொன்னேன். அவர் போய், அந்தச் சத்தத்தின் ஒயரைத் தானே பிடுங்கிவிட்டு வந்தார்.

ஐந்தாவது வாரம் அந்த அம்மா ஓடியே வந்தார். கையில் போன், அதில் பையன் முகம். “பேசு கண்ணு, பேசு!” என்று என்னிடம் நீட்டினார். போனை வாங்கினேன். பையன் சிரித்துக்கொண்டே சொன்னார்: “அக்கா, எங்கம்மாகிட்ட என்னக்கா சொல்லி வெச்சீங்க? சாப்ட்டியான்னு கேக்கறதுக்கு முன்னால, உன் பேட்டரி ஈயமா லித்தியமான்னு கேக்கறாங்க. அத நான் சொல்லக்கூடாதுங்க்கா!”

நேர்காணல்

பொருட்காட்சி முடிந்ததும் ஒரு தனியார் பள்ளியில் நேர்காணல். முன்அனுபவம் என்ற இடத்தில், நீர்மூழ்கிக் கப்பலில் ஒன்றரை மாதம் என்று உண்மையைத்தான் எழுதியிருந்தேன். தாளாளர் கண்ணாடியை மாட்டி, கழற்றி, மறுபடி மாட்டிப் படித்தார். நீச்சல் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். கடலையாவது பார்த்திருக்கிறீர்களா? அதுவும் இல்லை. அவர் பக்கத்திலிருந்த தலைமையாசிரியையிடம் சொன்னார்: “தெரியாதத இவ்ளோ தைரியமா சொல்லுது பாருங்க, நம்ம ஸ்கூலுக்கு ஒத்து வரும்.”

கடலே இல்லாத மாவட்டத்தில் கப்பலில் வேலை பார்த்ததில் எனக்கு மிஞ்சியது ஆறாத தொண்டைக்கட்டும், தெருவில் யார் செல்போனுக்குச் சார்ஜ் ஏறாவிட்டாலும் என்னிடமே கொண்டுவந்து நீட்டுகிற மரியாதையும்தான்.